மூன்றரைக் கல் வழி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் எந்தக் குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்றால் தனித்தனியாக நலம். சேர்ந்து நலமா என்று கேட்டால் போன ஞாயிற்றுக்கிழமை வரை இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அம்மா பின்னாலிருந்து அதை முடித்துவிடுகிறாள், நீயும் பாதியிலேயே சிரித்துவிடுவாய். அன்றைக்கு நீ, "என்னப்பா, ரெண்டு பேரும் வேற வேற ரூம்ல இருந்து பேசுறீங்களா?" என்று கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று சொன்னேனே, அது பொய். உன் அம்மா எட்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும், தட்டை மேசையில் வைக்கிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். காரணம் நம் கிழக்குச் சுவரில் இருக்கிற ஓட்டை. அதை அடைத்துவிடலாம் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு ஓட்டைக்கா இவ்வளவு என்று நினைக்காதே, முழுதும் படி. அந்த ஓட்டையில் நீயும் இருக்கிறாய், உனக்கே தெரியாது.

முதலில் இங்கத்திய செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பிப் போனபோது மூன்றாம் கட்டம் வெறும் மண்மேடும் கம்பியுமாகக் கிடந்ததே, இப்போது அங்கே பதினான்கு மாடியில் நான்கு கட்டடங்கள் நிற்கின்றன. சாயங்காலமானால் அவற்றின் நிழல் நம் தெருவைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நீள்கிறது, கோடையில் அது உபகாரம்தான், ஆனால் அம்மா காயப்போடுகிற துணி நாலு மணிக்கு மேல் காய்வதில்லை. நம் முதல் கட்டத்து இருநூற்று நாற்பது வீடுகளும் ஒரே வரைபடத்தில் கட்டியவை என்பது உனக்குத் தெரியும். குடிவந்த வருஷம் உன் அம்மா கடையிலிருந்து திரும்பும்போது இரண்டு தடவை அடுத்த தெரு வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏங்க, கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்று குரல் கொடுத்திருக்கிறாள், இரண்டாவது தடவை அந்த வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அப்படித் தவற வழியில்லை. ஒருவர் மேலே மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறார், ஒருவர் வாசலில் காருக்குக் கூரை போட்டிருக்கிறார், நம் எதிர்வீட்டுக்காரர் போன மாதம் சுவருக்கெல்லாம் கத்தரிப்பூ நிறம் அடித்துவிட்டார், காலையில் ஜன்னலைத் திறந்தால் கண் கூசுகிறது. நான் கட்டட ஓவர்சியராக இருந்தபோது ஆள் வைத்து நட்ட மரங்கள் அப்போது விரல் தடிமன் இருந்தன, இப்போது நடைபாதைக் கல்லைப் பெயர்க்கின்றன. வேரை வெட்டலாமா கல்லை மாற்றலாமா என்று சங்கத்தில் மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நான்தான் சங்கச் செயலாளர் என்பதால் எல்லோரும் பேசுவதை எழுதிவைக்கிற வேலை என் தலையில்.

மாறாத ஒன்று உண்டென்றால் நம் பஸ் ஸ்டாப். வரைபடத்தில் பஸ் பெரிய கேட் வழியாக உள்ளே வந்து, ரவுண்டானாவைச் சுற்றி, இரண்டாம் தெரு முனையில் நிற்பதாக இருந்தது. நிழற்குடை கட்டினோம், சிமெண்ட் பெஞ்சு போட்டோம், பலகையும் மாட்டினோம். ஆனால் வரைந்தவர் ரவுண்டானா நடுவில் நீரூற்றுக்கு அவ்வளவு பெரிய தொட்டியை வைத்துவிட்டார். வெள்ளோட்டம் பார்க்க வந்த பஸ் பாதி திரும்பியதும் மாட்டிக்கொண்டது, அப்படியே பின்னாலேயே போய் வெளியேறியது. அந்த டிரைவர் இறங்கி வந்து என்னிடம், "இதை வரைஞ்சவரு எப்பவாச்சும் பஸ்ல போயிருக்காரா சார்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பஸ்கூட உள்ளே வந்ததில்லை. அந்த நிழற்குடையில்தான் ஏழு வருஷமாக நம் தையல்காரப் பெண் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ பள்ளிக்கூடம் போகும்போது ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வருவாளே, கொத்தனாரின் மகள், அவள்தான். பஸ் வராவிட்டாலும் அங்கே அரை மணி உட்கார்ந்தால் கிழிந்த சட்டை முழுசாகிக் கைக்கு வந்துவிடும்.

பஸ் உள்ளே வராததால் எல்லோரும் சுவருக்கு அந்தப்பக்கம் மெயின் ரோட்டுக்குத்தான் போக வேண்டும். பெரிய கேட்டைச் சுற்றிப் போனால் ஒன்றரை கிலோமீட்டர், கிழக்குச் சுவர் ஓட்டை வழியாகப் போனால் இருநூறு அடி. நீ கல்லூரிக்கு நாலு வருஷம் அதன் வழியாகத்தான் ஓடினாய், ஒரு நாள் பையின் வார் அதன் ஓரத்தில் துருத்தி நின்ற கல்லில் மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டுவிட்டு வந்து என்னைத் திட்டினாய். சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற வரிசை வீடுகளில்தான் இந்த டவுன்ஷிப்பைக் கட்டிய கொத்தனார்களும் வயரிங் ஆட்களும் அப்படியே தங்கிவிட்டார்கள். நம் குழாய் ஒழுகினாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் ஆள் வருவது ஓட்டை வழியாகத்தான், அவர்கள் பிள்ளைகள் நம் பூங்காவில் பந்து விளையாட வருவதும் அதன் வழியாகத்தான். பின்னால் குடிவந்தவர்கள் அது வரைபடத்திலேயே இருக்கிற வழி என்று நினைத்திருந்தார்கள்.

சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்திருக்கிறார், பதினான்கு மாடிக்காரர், உன் வயதுதான் இருக்கும். நல்ல பையன், என்னைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பான். இரண்டு சைக்கிள் காணாமல் போய்விட்டன, ஒரு வழிதான் இருக்க வேண்டும், அங்கே கேமரா வைக்க வேண்டும் என்று அவனுக்கு எண்ணம். எங்கோ பழைய அலமாரியைக் குடைந்து ஒரு பதிவேட்டை எடுத்துவந்துவிட்டான். அதில், மெயின் ரோட்டிலிருந்து பின்னோக்கி வந்த அடையாளம் தெரியாத லாரி மோதிச் சுவர் சேதம், பழுது பார்க்கப்பட வேண்டும் என்று எழுதி, கீழே கட்டட ஓவர்சியர் என்று என் கையெழுத்து. "பாருங்க சார், முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க, பாக்கி நின்ன வேலையைத்தான் முடிக்கப் போறோம்" என்று சந்தோஷமாகச் சொன்னான். இங்கே என்னை மட்டக்கோல் சார் என்று கூப்பிடுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும்தானே. அரை அங்குலம் விலகின சுவரைக்கூட இடித்துத் திரும்பக் கட்டச் சொன்னவன் என்பதால் வந்த பெயர், எனக்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு. அந்தப் பெயரோடு நின்றுகொண்டு அந்த அறிக்கை பொய் என்று எப்படிச் சொல்வது? டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஓட்டையை அளந்தேன். அகலம் இரண்டு அடி ஒன்பது அங்குலம், கொத்தனார் கணக்கில் செங்கல்லின் நீளத்துக்கு மூன்றரைக் கல். எத்தனை கல் வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை வீட்டு மேசையில் வைத்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "அளந்தீங்களே, அது எதோட அளவுன்னு ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டாள். ஓட்டையின் அளவுதான், வேறெதன் அளவு என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷத்தோடு பேச்சு நின்றது.

ஞாபகம் வராமலா இருக்கும்? டேப்பைப் பிடித்தபோதே வந்துவிட்டது. இதைப் பூசி மெழுகாமல் உனக்கு எழுதுகிறேன், இத்தனை வருஷம் சொல்லாததற்கு என்னை மன்னித்துவிடு. உனக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம். டவுன்ஷிப்பில் அப்போது முப்பது குடும்பம்கூட இல்லை. சாக்கடைக் குழாய் பதிக்கிறோம் என்று கேட்டுக்குப் போகிற பாதையைக் குறுக்காக மூன்று இடத்தில் தோண்டிப் போட்டிருந்தோம், தோண்டச் சொன்னவனும் நான்தான். இரண்டு நாள் மழையில் குழிகள் நிரம்பிவிட்டன, எந்த வண்டியும் உள்ளே வர முடியாது. அன்று மத்தியானம் உனக்குக் காய்ச்சல் ஏறி, உடம்பு ஒருமுறை விறைத்து உதறிவிட்டு அப்புறம் துணி மாதிரித் தொய்ந்துவிட்டது. கூப்பிட்டால் பார்க்கவில்லை, தோளில் போட்டால் கழுத்து நிற்கவில்லை. டாக்டரம்மாவின் கிளினிக் சுவருக்கு நேர் அந்தப்பக்கம், நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அதன் போர்டு தெரியும், ஆனால் நடுவில் ஆறடிச் சுவர். குழிகளில் இறங்கி ஏறிச் சுற்றிப் போக அரை மணிக்கு மேல் ஆகும். அந்தச் சுவரின் கடைசித் துண்டை முந்தைய நாள் சாயங்காலம்தான் கொத்தனார், நம் தையல்காரப் பெண்ணின் அப்பா, எழுப்பி முடித்திருந்தார். மழையில் கலவை இன்னும் பச்சையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், எது எங்கே இறுகியிருக்கிறது எங்கே இறுகவில்லை என்று தெரிந்துவைத்திருப்பதுதானே என் வேலை. ஷெட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்தேன். அம்மா உன்னை இரண்டு கையிலும் படுக்கப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள், நான் மேல் வரிசையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன், கல் எல்லாம் அந்தப்பக்கம் விழுந்தது. நடுவில் ஒருமுறை திரும்பி அவள் கையில் நீ கிடந்த நீளத்தைப் பார்த்தேன். அந்த மாதம்தான் அறைக் கதவு நிலையில் உன்னை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன், இரண்டு அடி எட்டரை அங்குலம். அவ்வளவு நீளம் குறுக்கே போகிற அகலத்துக்கு உடைத்தேன், ஒரு கல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. உன்னை வாங்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நேராக நடந்து போனேன், ரோட்டைத் தாண்டி ஓடினேன். டாக்டரம்மா உன்னை வாங்கிக்கொண்டு எங்களை வெளியே நிற்கச் சொன்னார். எவ்வளவு நேரம் நின்றோமோ, உள்ளேயிருந்து நீ வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

மறுநாள் மேலதிகாரி சுவர் என்னாயிற்று என்று கேட்டார். அரசாங்கக் காசில் கட்டிய சுவரை ஓவர்சியரே இடித்தான் என்றால் வேலை போய்விடும், இந்த வீடும் அப்போது வேலையோடு வந்த வீடுதான். லாரி என்று எழுதினேன். அடைக்கச் சொல்லி மூன்று தடவை காகிதம் வந்தது, ஒவ்வொரு தடவையும் ஆள் இல்லை, கல் இல்லை என்று எழுதிக் கமுக்கமாக இருந்துவிட்டேன். அதற்குள் எல்லோரும் அதன் வழியாகப் பஸ்ஸுக்குப் போகப் பழகிவிட்டார்கள், பிறகு யாரும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்ட ஐந்தாம் நாள், கால்சட்டையைக் குட்டையாக்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு நிழற்குடைக்குப் போனேன். தையல்காரப் பெண் தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டே, "சார், அடைக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுங்க, மெஷினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன், அவ்வளவு தூரம் சுத்தி வர என் காலுக்கு முடியாது" என்று சொன்னாள். அடைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானே கேட்டேன். "எங்கப்பா, சார்கிட்ட இதைப் பத்தி எதுவும் கேக்கக் கூடாதுன்னுட்டாரு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கால்சட்டைக்குக் கூலியும் வாங்க மாட்டேன் என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாம் கட்டத்து மண்டபத்தில் கூட்டம். நூற்றிருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், மர வேருக்கு இத்தனை பேர் வந்ததில்லை. நான் முன்னால் மேசையில், அம்மா கடைசி வரிசையில் என் முகத்துக்கு நேராக. தலைவர்ப் பையன் பழைய அறிக்கையை வாசித்தான், கை தூக்கச் சொல்லப் போனான். நான் எழுந்து ஒரு நிமிஷம் என்றேன். அந்த லாரியே கிடையாது என்று சொன்னேன். அந்தச் சுவரை இடித்தது நான்தான், என் பிள்ளைக்காக இடித்தேன், வேலைக்குப் பயந்து பொய் எழுதினேன், போன வாரம் பெயருக்குப் பயந்து அந்தப் பொய்க்கு மறுபடியும் கையெழுத்துப் போட்டேன் என்று இதே வார்த்தையில் சொன்னேன். எனக்காகத் திறந்த வழியில் முப்பத்தொரு வருஷம் எல்லோரும் நடந்திருக்கிறார்கள், என் வேலை முடிந்ததும் மற்றவர்களுக்கு அதை அடைக்க எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டேன். தலைவர்ப் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது, "சார், இதையெல்லாம் மினிட்ஸ்ல எழுதணுமா?" என்று மெதுவாகக் கேட்டான். அப்போது கடைசி வரிசையிலிருந்து உன் அம்மா எழுந்தாள். எட்டு நாளுக்குப் பிறகு என் காதில் விழுந்த முதல் வார்த்தை இதுதான்: "எழுதிக்கோங்க தம்பி. செருப்புகூடப் போடாம ஓடினாரு, அதையும் சேர்த்து எழுதிக்கோங்க." எனக்கே அது மறந்துபோயிருந்தது.

எல்லோரும் கைதட்டி ஒரு மனதாக ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதே, அப்படியெல்லாம் நடக்கவில்லை. அடைக்க ஐம்பத்தெட்டுக் கை, வேண்டாம் என்று அறுபத்துமூன்று கை. ஓட்டைக்கு மேல் ஒரு விளக்கும் கேமராவும் வைக்கலாம் என்று முடிவாயிற்று, அது நியாயம்தான், சைக்கிள் தொலைத்தவர்கள் பாவம். செயலாளர் பதவியை விட்டுவிட்டேன், இனி மர வேரை யாரோ எழுதட்டும். எதிர்வீட்டுக் கத்தரிப்பூக்காரர் காலை நடையில் என்னைக் கண்டால் பாதை மாறிப் போகிறார், மட்டக்கோல் என்று கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் தூக்கம் நன்றாக வருகிறது.

நேற்றுக் காலையில் கொத்தனார் கரணையும் கலவையுமாக வந்தார். முப்பத்தொரு வருஷமாகப் பல் இளித்துக்கொண்டிருந்த கற்களின் ஓரத்தைப் பூசிவிடலாம் என்று அவரே வந்தார், நான் கூப்பிடவில்லை. அம்மா மூவருக்கும் தேநீர் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். "அன்னைக்கே தெரியும் சார். ரோட்டுல இருந்து லாரி இடிச்சிருந்தா கல்லு உள்பக்கம்ல விழுந்திருக்கும், எல்லாக் கல்லும் வெளியே கெடந்துச்சு" என்றார். அத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுவர் பார்த்தவனுக்கு அது தோன்றவில்லை பார். அப்புறம் அவர், "மூணு அடியா ஆக்கிடவா சார், சைக்கிள் சுலபமாப் போகும்" என்று கேட்டார். சரியான யோசனைதான். அம்மாதான், "வேணாங்க, இருக்கிற அளவே இருக்கட்டும்" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, அந்த அளவிலேயே பூசிக் கொடுத்தார். மேல் பூச்சு இன்னும் ஈரமாக இருக்கிறது, வெடிக்காமல் இறுக இனி ஒரு வாரம் தினம் இரண்டு வேளை நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

நீ வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, அம்மா அதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாள். மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றச் சொல், மாத்திரையை மாற்றிப் பயனில்லை. குட்டிப்பயலுக்குக் காய்ச்சல் என்றால் எந்த நேரமென்று பார்க்காமல் எங்களைக் கூப்பிடு, இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் கூடவே விழித்திருப்போம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், மனது நிறைந்து, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நீண்ட நாள் வாழ வேண்டும். எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு உண்டு.

நீங்கள் விடுமுறைக்கு வரும்போது குட்டிப்பயலுக்கு இரண்டு வயது முடிந்திருக்கும். வந்ததும் முதல் வேலையாக அவனைக் கதவு நிலையில் உன் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு கோடு போட வேண்டும், பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். அப்புறம் அவனை இரண்டு கையிலும் படுக்கப் போட்டுக்கொண்டு அந்த வழியாக ஒருமுறை நட. பயப்படாமல் நேராகவே நட, தலையும் இடிக்காது, காலும் இடிக்காது. அளந்துதான் உடைத்தேன்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அப்பா
(அம்மாவும் படித்துவிட்டாள்)